கேம் ஆடும்போதும் ரீஸ்டார்ட், சும்மா இருக்கும்போதும் ரீஸ்டார்ட், ஆனால் ப்ளூ ஸ்கிரீன் மட்டும் வருவதே இல்லை

சுழல்விசிறி:

வணக்கம். ஒரு மாதமாக டெஸ்க்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கிறது. எரர் மெசேஜ் எதுவும் கிடையாது. திரை சட்டென்று கருப்பாகும், அடுத்த சில நொடியில் மதர்போர்டு லோகோ வந்து நிற்கும்.

இரண்டு சமயத்தில் நடக்கிறது. கனமான கேம் ஓடும்போது ஒன்று. சில நாள் 10 நிமிடத்தில், சில நாள் ஒரு மணி நேரம் தாண்டி. பிரவுசரில் ஏதாவது படித்துக்கொண்டிருக்கும்போதோ, பிசியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போயிருக்கும்போதோ இன்னொன்று. இந்த இரண்டாவதுதான் தலையைச் சுற்றவைக்கிறது. லோடே இல்லாதபோது எதற்கு விழ வேண்டும்?

பாகங்கள்: ரைசன் 7 5700எக்ஸ், பி550 மதர்போர்டு, 16 + 16 ஜிபி டிடிஆர்4 3600 (ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி ஆன்), ஆர்டிஎக்ஸ் 3080, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). எஸ்எம்பிஎஸ் மட்டும் பழைய பிசியில் இருந்தது, 6 வருடம் ஆகிறது. விண்டோஸ் 11.

இதுவரை செய்தது: விண்டோஸ் புதிதாகப் போட்டாயிற்று. கிராஃபிக்ஸ் டிரைவரை சேஃப் மோடில் டிடியு என்ற டிரைவர் நீக்கும் கருவி வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி போட்டாயிற்று. தெர்மல் பேஸ்டும் மாற்றியாயிற்று. கேமில் ப்ராசஸர் 74 டிகிரி, கார்டு 71 டிகிரி. விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் கெர்னல்-பவர் 41, அதற்குள் பக்செக்கோட் 0. கிராஷ் விவரம் சேமிக்கும் மினிடம்ப் ஃபோல்டர் காலி.

பவர் சப்ளையா, ரேமா, வேறு ஏதாவதா?


டேப்சுற்றி:

கெர்னல்-பவர் 41 என்றாலே எஸ்எம்பிஎஸ்தாங்க. பேர்லேயே பவர் இருக்கே. 6 வருஷம் ஆச்சு, 3080-க்கு 650 வாட் பத்தாது. மாத்திடுங்க. அப்படியே விண்டோஸ் ஃபைலைச் சரிபார்க்கிற எஸ்எஃப்சி ஸ்கேனும் ஒரு தடவை ஓட்டிடுங்க.


ஓம்விதி:

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் 41-ஐ வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. அந்தப் பதிவு பிசி விழும்போது எழுதப்படுவதில்லை. விழுந்து எழுந்த பிறகு, "போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை" என்று விண்டோஸ் அடுத்த பூட்டில் எழுதிக்கொள்வது. பிளக்கைப் பிடுங்கினாலும் 41 வரும், ஹேங் ஆகி ரீசெட் பட்டனை அழுத்தினாலும் 41 வரும்.

அதில் பயன்படுவது உள்ளே இருக்கும் பக்செக்கோட்தான். ப்ளூ ஸ்கிரீன் வந்து விழுந்திருந்தால் அங்கே 0 அல்லாத எண் இருக்கும். 0 என்றால் விண்டோஸ் எதையும் பிடிப்பதற்குள் காலடியில் தரை போய்விட்டது என்று பொருள். அதனால்தான் மினிடம்பும் காலி. டிரைவர், விண்டோஸ் ஃபைல் கோளாறு எல்லாம் பெரும்பாலும் ப்ளூ ஸ்கிரீனையாவது காட்டிவிட்டுத்தான் விழும். ஆகவே எஸ்எஃப்சி இங்கே உதவாது, ரீஇன்ஸ்டால் உதவாததிலும் ஆச்சரியம் இல்லை.

அடுத்து, பிசி எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். முழுக்க அணைந்து, பின்னால் உள்ள சுவிட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்வரை எழவே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ்-இன் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டது. சூடு தாங்காமல் ப்ராசஸர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டாலும் அணைந்துதான் கிடக்கும். அதற்கு முன்பே வேகம் குறைந்து தடுமாறும். 5700எக்ஸ்-க்கு வரம்பு 90 டிகிரி, நீங்கள் 74-இல் இருக்கிறீர்கள், அதை விட்டுவிடலாம். படம் உறைந்து, சத்தம் ஒரே இடத்தில் இழுத்துக்கொண்டு நின்றால் ரேம், கார்டு, ப்ராசஸர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

உங்களுடையது நொடியில் கருப்பாகித் தானே எழுகிற வகை. அதற்கு எனக்குத் தெரிந்து மூன்று வழி. எஸ்எம்பிஎஸ் மதர்போர்டுக்கு "கரன்ட் சரியாக இருக்கிறது" என்று சொல்லும் பவர்-குட் சிக்னல் ஒரு கணம் விழுந்து எழுவது. ப்ராசஸருக்குள் திருத்த முடியாத பிழை வந்து சிஸ்டமே ரீசெட் ஆவது. மூன்றாவது அற்பமானது: கேபினெட்டின் ரீசெட் பட்டன் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆவது. மதர்போர்டில் அந்த இரண்டு பின் வயரைக் கழற்றி வைத்தால் அந்தச் சந்தேகம் அதோடு தீர்ந்தது; பவர் பட்டன் போதும்.

இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள்:

ஈவன்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போய், சோர்ஸ் "டபிள்யூஎச்இஏ-லாகர்" என்று வடிகட்டுங்கள். ஈவன்ட் 18 (ஹார்டுவேர் பிழைப் பதிவு) இருக்கிறதா? இருந்தால் எந்தெந்த நேரம், எரர் டைப் என்ன, ப்ராசஸர் ஏபிஐசி ஐடி என்ன எண்?

கிராஃபிக்ஸ் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்-இலிருந்து எத்தனை தனித்தனி கேபிள் வருகிறது? கார்டுப் பக்கம் எத்தனை கனெக்டர் என்று கேட்கவில்லை, எஸ்எம்பிஎஸ் பக்கம்.

பயாஸில் எக்ஸ்எம்பி தவிர வேறு எதையாவது மாற்றினீர்களா?

கூடவே சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்அப் அண்டு ரிகவரி உள்ளே "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் தானே ரீஸ்டார்ட் ஆனால் அது விண்டோஸ் செய்த வேலை இல்லை என்பது உறுதி.


சுழல்விசிறி:

பார்த்துவிட்டேன். டபிள்யூஎச்இஏ ஈவன்ட் 18 மொத்தம் 11 இருக்கிறது. எரர் டைப் எல்லாவற்றிலும் கேஷ் ஹையரார்க்கி எரர் (ப்ராசஸருக்குள் உள்ள வேக நினைவகத்தில் பிழை). ஏபிஐசி ஐடி 10 அல்லது 11, வேறு எண்ணே இல்லை. நேரத்தை ஒத்துப்பார்த்தால் எல்லாமே சும்மா இருக்கும்போது விழுந்த தடவைகள். கேமில் விழுந்ததற்கு ஒன்றுகூட இல்லை, வெறும் 41 மட்டும்.

கார்டுக்கு ஒரே கேபிள்தான், அதன் நுனியில் இரண்டு 8-பின் பிரிகிறது.

பயாஸ்: சூடு குறையும் என்று ஒரு வீடியோவில் பார்த்து கர்வ் ஆப்டிமைசரில் (கோர்களின் வோல்டேஜைக் குறைக்க உதவும் அமைப்பு) எல்லா கோருக்கும் நெகட்டிவ் 30 வைத்தேன். சினிபெஞ்ச் என்ற ப்ராசஸர் சோதனை அரை மணி நேரம் சுத்தமாக ஓடியது, அதனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. டிக்கை எடுத்த பிறகும் தானே ரீஸ்டார்ட் ஆகிறது.


ஓம்விதி:

அப்படியானால் உங்கள் பிசிக்கு ஒரு நோய் இல்லை, இரண்டு. ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு "மாற்றியும் போகவில்லையே" என்று நீங்கள் பழையபடி மாற்றிவைத்திருப்பீர்கள். பலர் மாதக்கணக்கில் சுற்றுவது இங்கேதான்.

முதலில் சும்மா இருக்கும்போது வருவது. 5700எக்ஸ்-இல் 8 கோர், 16 த்ரெட். ஏபிஐசி ஐடியை 2-ஆல் வகுத்தால் கோர் எண், 0-இலிருந்து எண்ண வேண்டும். 10, 11 இரண்டும் கோர் 5. பதினொரு தடவையும் அதே கோர் என்றால் தற்செயல் கிடையாது.

கர்வ் ஆப்டிமைசரில் ஒரு எண் என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். நெகட்டிவ் 30 என்றால் ஏறக்குறைய 90 முதல் 150 மில்லிவோல்ட் வரை குறைத்திருக்கிறீர்கள். எல்லாக் கோரும் முழுதாக உழைக்கும்போது மொத்த வாட் வரம்பு குறுக்கே வருவதால் கிளாக் தானாகவே கீழே இருக்கும். அந்த வேகத்துக்கு இந்தக் குறைந்த வோல்டேஜ் போதும். சினிபெஞ்ச் ஜம்மென்று ஓடுவது அதனால்தான். பிரவுசரில் ஒரு டேபைத் திறக்கும்போது நடப்பது வேறு. தூங்கிக்கொண்டிருந்த ஒரு கோர் மட்டும் எழுந்து ஒரே தாவில் 4.6 கிகாஹெர்ட்ஸுக்குப் போகிறது. அந்த உச்சிக்குத்தான் வோல்டேஜ் மிக இறுக்கமாகத் தேவை. அங்கே இல்லாததால் கேஷில் பிட் புரண்டு, ப்ராசஸர் கையை விரித்துவிடுகிறது. ஆக, லோடே இல்லாதபோது ஏன் என்று கேட்டீர்களே, லோடு இல்லாத நேரம்தான் இந்த அமைப்புக்குக் கடினமான பரீட்சை.

கர்வ் ஆப்டிமைசரை அப்படியே 0 ஆக்குங்கள். ஒரு வாரம் விடுங்கள். ஈவன்ட் 18 மறுபடி வராவிட்டால் ப்ராசஸர் நலம். 0-இலும் வந்தால் எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து பாருங்கள், பயாஸைப் புதுப்பியுங்கள், ஏஎம்டி சிபிஎஸ் மெனுவில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்பதை "டிபிக்கல் கரன்ட் ஐடில்" ஆக்கிப் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் பிறகும் கோர் 5 பெயரே வந்தால் அது வாரண்டிக்குப் போக வேண்டிய சில்லு.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். கேபிள் வேலையை அடுத்தவர் சொல்வார், ஆனால் இரண்டு நோய்க்கும் அடையாளம் வேறு என்பதால் இவை இரண்டையும் மட்டும் சேர்த்தே செய்யலாம்: ஈவன்ட் 18-உடன் விழுந்தால் என் கணக்கு, வெறும் 41 என்றால் அவர் கணக்கு.


ஈயப்பற்று:

கேபிள் என் கணக்கு, சரி.

650 வாட் பத்தாது என்று மேலே ஒருவர் சொன்னார். கூட்டிப் பார்த்தால் பத்தும் என்றே தோன்றும்: கார்டு 320, ப்ராசஸர் 76, மற்றவை எல்லாம் சேர்த்து தாராளமாக 60. மொத்தம் 456 வாட். ஆனால் இது சராசரி. 3080 மில்லிசெகண்ட் கணக்கில் 400 வாட்டைத் தாண்டித் தாண்டி இறங்கும் கார்டு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவீட்டு மென்பொருள் இயல்பாக 2 நொடிக்கு ஒருமுறைதான் அளவெடுக்கிறது. நடுவில் நடக்கிற தாவல் அதன் கண்ணில் படாது. 6 வருடம் உழைத்த கெபாசிட்டர் அந்தக் கண நேரத் தாவலைத் தாங்கிப்பிடிக்கிற திறனைத்தான் முதலில் இழக்கும். இந்தக் கார்டுக்கு என்விடியா சொல்லும் அளவே 750 வாட்.

அதோடு ஒற்றைக் கேபிள். மதர்போர்டு ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். மீதி 245-உம் அதற்கு மேலான தாவல்களும் மூன்று மஞ்சள் வயர் வழியாக, ஒரே சாக்கெட்டிலிருந்து. 8-பின் ஒன்றுக்கு வரையறை 150 வாட். வயர் எரிந்துவிடும் என்று பயமுறுத்தவில்லை, ஆனால் தாவலின்போது கார்டு முனையில் வோல்டேஜ் சரியும்.

செய்ய வேண்டியது:

முதலில் சோதனை. கார்டின் அமைப்பை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதமாக்கி, கேமில் ஃபிரேமை 60-க்குக் கட்டிவிட்டு ஆடுங்கள். ரீஸ்டார்ட் நின்றுபோனால் கோளாறு கரன்ட் வரும் பாதையில். ஃபர்மார்க் என்ற கார்டு சோதனையை ஓட்டி "தாங்கிவிட்டது, எஸ்எம்பிஎஸ் நலம்" என்று முடிவுகட்டாதீர்கள். அது ஒரே சீரான லோடு. விழ வைப்பது லோடிங் ஸ்கிரீனிலிருந்து காட்சிக்குள் குதிக்கிற மாதிரி ஏற்ற இறக்கங்கள்.

பிறகு எஸ்எம்பிஎஸ்-உடன் வந்த இரண்டாவது பிசிஐஇ கேபிளை எடுத்துத் தனித்தனியாக மாட்டுங்கள். நுனியில் தொங்கும் இரண்டாவது கனெக்டர் சும்மா தொங்கட்டும். இரண்டு பக்கமும் க்ளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள். பாதி ஏறிய கனெக்டர் இதே அறிகுறியைத்தான் தரும். கழற்றும்போது பின்னின் ஓரம் பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டிருந்தால் அதைத் தவிர்த்து நேரே சுவர் சாக்கெட்டில் ஒருமுறை ஓட்டுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சளுக்கும் கருப்புக்கும் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்புக்கும் கருப்புக்கும் 4.75 முதல் 5.25. வெளியே போனால் எஸ்எம்பிஎஸ் கெட்டது. உள்ளே இருந்தால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை, மில்லிசெகண்ட் சரிவை மீட்டர் பிடிக்காது. பயாஸ் காட்டும் 12 வோல்ட் எண்ணை நான் மதிப்பதே இல்லை. எஸ்எம்பிஎஸ் மூடியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் ஆளை அடிக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும்.


நினைவுக்கம்பி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ரேமை யாரும் தொடவே இல்லை. இந்த ப்ராசஸருக்கு அதிகாரபூர்வ வேகம் 3200. நீங்கள் ஓட்டும் 3600 ஓவர்கிளாக்தான், எக்ஸ்எம்பி என்று பெயர் வைத்தாலும்.

ரேம் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ பதிப்பு 6-க்கு மேல் பென்டிரைவில் போட்டு, எக்ஸ்எம்பி ஆனில் இருக்கும்போதே இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "ஒன்றுதானே" என்று விடக்கூடாது. பிழை வந்தால் எக்ஸ்எம்பி ஆஃப் செய்து மறுபடி. ஆஃபில் சுத்தம் என்றால் ரேம் குச்சி கெடவில்லை, 3200-க்கு இறக்கினால் போதும். ஆஃபிலும் வந்தால் ஒவ்வொரு குச்சியாக ஒரே ஸ்லாட்டில், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதில், வைத்துச் சோதியுங்கள். பிழை குச்சியோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

இந்தச் சோதனைக்கு முன் யாரும் விண்டோஸ் ரீஇன்ஸ்டால் செய்யாதீர்கள். கெட்ட ரேம் வழியாகப் போகும் ஃபைல் கெட்டபடியேதான் டிஸ்க்கில் எழுதப்படும்; ஒரு கோளாறுக்கு மேல் இன்னொன்றாக ஆகிவிடும்.

பக்செக்கோட் 0 இல்லாதவர்களும் இந்த இழைக்கு வருவார்கள், அவர்களுக்காக: 41-க்குள் அந்த எண் தசமத்தில் இருக்கும், இணையத்தில் பதினாறடிமானத்தில் தேட வேண்டும் என்பதால் குழம்புவார்கள். 292 என்பது 124, அதாவது ஹார்டுவேர் பிழை. 26 என்பது 1ஏ, மெமரி மேனேஜ்மென்ட். 80 என்பது 50, பேஜ் ஃபால்ட். இவை இரண்டும் மாறி மாறி வந்தால் முதலில் ரேம். 278 என்பது 116, கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லவில்லை. 122 என்பது 7ஏ, டிஸ்க்கிலிருந்து படிக்க முடியவில்லை. எஸ்எஸ்டி, அதன் ஸ்லாட், சாட்டா கேபிள் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கோட், வேறு வேறு டிரைவர் பெயர் என்றால் டிரைவர்களைத் துரத்தாதீர்கள், அடியில் உள்ள இரும்பைப் பாருங்கள்.


ஓம்விதி:

நல்லது, அதோடு இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி. கேம் ஷேடர் கம்பைல் செய்யும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று விழுந்தால், பெரிய சுருக்கக் கோப்பை விரிக்கும்போது பிழை காட்டினால் கார்டைக் குற்றம் சொல்வதற்கு முன் பயாஸ் பதிப்பைப் பாருங்கள். வோல்டேஜ் அதிகமாகப் போய் ப்ராசஸரே தேயும் கோளாறுக்கு இன்டெல் 2024 ஆகஸ்டில் மைக்ரோகோட் 129, செப்டம்பரில் 12பி வெளியிட்டது. அது தேய்மானத்தைத் தடுக்கும், தேய்ந்ததை மீட்காது. புதிய பயாஸ் போட்டு இன்டெல் டீஃபால்ட் செட்டிங்கில் வைத்தும் விழுந்தால் மாற்றிக் கேளுங்கள். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை 2 வருடம் நீட்டித்திருக்கிறார்கள்.


சுழல்விசிறி:

15 நாள் கணக்கு.

கர்வ் ஆப்டிமைசர் 0. ஈவன்ட் 18 ஒன்றுகூட இல்லை, சும்மா இருக்கும்போது ஒருமுறைகூட விழவில்லை.

மெம்டெஸ்ட் எக்ஸ்எம்பி ஆனில் 9 மணி நேரம், பிழை 0. ரீசெட் வயர் கழற்றியாயிற்று, மாற்றம் இல்லை.

பவர் லிமிட் 70, 60 ஃபிரேம், பழைய ஒற்றைக் கேபிள்: 4 நாள் விழவில்லை. இரண்டு தனிக் கேபிள், பவர் லிமிட் 100: முன்பு தினமும் விழுந்தது, இப்போது 5 நாளில் 2 தடவை, இரண்டும் வெறும் 41. எஸ்எம்பிஎஸ் மாற்றித்தான் ஆக வேண்டுமா? மாற்றினால் உள்ளே ஓடும் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றலாமா?


ஈயப்பற்று:

கேபிளை விடவே கூடாது! எஸ்எம்பிஎஸ்-இலிருந்து கழற்றக்கூடிய மாடுலர் கேபிளின் கார்டு முனைதான் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் முனையில் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் எர்த் என்பது ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்குள்கூட மாறும். பிளக் ஒழுங்காக ஏறும், ஆன் செய்ததும் எஸ்எஸ்டியோ கார்டோ புகையும். எல்லாக் கேபிளையும் உருவிவிட்டுப் புதியதுடன் வந்ததை மட்டும் போடுங்கள்.

மாற்ற வேண்டும் என்பதற்கு உங்கள் எண்களே சாட்சி. கேபிள் பாதி, பெட்டி பாதி. 850 வாட், ஏடிஎக்ஸ் 3.0 அல்லது அதற்குப் பிந்தைய வரையறைக்கு உட்பட்டதாகப் பாருங்கள். 100 மைக்ரோசெகண்டுக்கு இருமடங்கு வாட் தாங்க வேண்டும் என்று அந்த வரையறையிலேயே எழுதியிருக்கிறது. வரும்வரை பவர் லிமிட் 75-இல் ஆடுங்கள், ஃபிரேம் குறைவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.


டேப்சுற்றி:

அப்போ நான் சொன்னது பாதி சரிதானே :)


ஓம்விதி:

பாதி சரி. மீதிப் பாதிக்காக எஸ்எம்பிஎஸ் மாற்றிய பிறகும் அவர் கோர் 5-ஓடு அல்லாடியிருப்பார்.

சுழல்விசிறி, சூடு குறைய வேண்டும் என்ற ஆசை இன்னும் இருந்தால் கர்வ் ஆப்டிமைசரை எல்லாக் கோருக்கும் ஒரே எண்ணாக வைக்காதீர்கள். புது எஸ்எம்பிஎஸ் போட்டு ஒரு வாரம் சுத்தமாக ஓடிய பிறகு மற்ற கோர்களுக்கு நெகட்டிவ் 10, கோர் 5-க்கு 0 என்று தொடங்குங்கள். கோர்சைக்கிளர் என்ற கருவியை எஸ்எஸ்இ மோடில் இரவு முழுக்க ஓட்டுங்கள். அது ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உச்ச வேகத்துக்குத் தூண்டிச் சோதிக்கும், சினிபெஞ்ச் செய்யாத வேலை அது. பிழை காட்டிய கோரை மட்டும் 3, 4 எண் மேலே ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். அதிக வேகத்துக்குப் போகிற நல்ல கோர்களில்தான் பெரும்பாலும் குறைப்பதற்கு இடம் கொஞ்சமாக இருக்கும், அவற்றை இழுத்துப் பிடிக்காதீர்கள்.